ஆள் பெரிசானால் அடி பெரிசாகுமா?

திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் காலை நடை போகிறவர்கள் பேசாத விஷயம் கிடையாது. அரசியல், சர்க்கரை அளவு, மனை விலை என்று போகிற பேச்சில் எப்போதாவது குத்துச்சண்டையும் தலைகாட்டும். அப்படி ஒருநாள் மாமனும் மருமகனும் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது.

"அலி காலத்துல இவனுக ரிங்குப் பக்கமே வந்திருக்க மாட்டானுக, மாப்ள."

"போங்க மாமா. டைசன் ஃப்யூரி ஆறே முக்கால் அடி. நூத்தி இருபது கிலோ. அலி எம்பிக் குத்துனாத்தான் தாடையே எட்டும்."

"நெட்டையா இருந்தாப் போதுமா? காலு நகர வேணாமா?"

1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அந்தத் தலைமுறைக்கு அலி பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. அவரை யாரோ ஒரு நெட்டைப் பயல் அடித்துவிடுவான் என்றால் மனசு ஒப்பாது. ஆனால் மருமகன் சொன்னதையும் லேசில் தள்ள முடியாது. இருவர் பேச்சிலும் இயற்பியல் இருக்கிறது; உடலியலும் இருக்கிறது. எங்கே எது செல்லும் என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சிக்கல். மதுரைக்குத் தெற்கே பல ஊர்களில் இன்னும் மந்தையிலோ கோயில் வாசலிலோ இளவட்டக்கல் கிடக்கிறது. உருண்டையான கல். விரல் கோத்துப் பிடிக்க விளிம்பு இருக்காது. குத்துக்கால் வைத்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோள்வழியாகப் பின்னால் போட வேண்டும். தாத்தா தூக்கிய கல்லைப் பேரன் இன்று தூக்கிப் பார்க்கலாம். நடுவில் அறுபது வருஷம் ஓடியிருந்தாலும் கல் அதே கல். குத்துச்சண்டையில் அப்படி மாறாத கல் எதுவும் கிடையாது. ஓட்டத்துக்குக் கடிகாரம் இருக்கிறது, பளு தூக்குவதற்குத் தராசு இருக்கிறது. இங்கே எதிராளிதான் அளவுகோல். அந்த எதிராளியும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வருகிறார்.

எவ்வளவு மாறியிருக்கிறார்? 1952 முதல் 1956 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்து, 49 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவின் உயரம் 5 அடி பத்தரை அங்குலம், எடை சுமார் 84 கிலோ. அவருக்கு முன் 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்த ஜோ லூயிஸ் 90 கிலோவை ஒட்டியே நின்றார். 1974-இல் கின்ஷாசாவில் அன்றைய சாம்பியன் ஃபோர்மனை வீழ்த்தியபோது அலிக்கு 98 கிலோ, ஃபோர்மனுக்கு 100. 2006 முதல் 2015 வரை ஆண்ட விளாடிமிர் கிளிட்ஷ்கோ ஆறரை அடி. 2024 டிசம்பரில் ரியாத்தில் ஃப்யூரி மேடையேறியபோது தராசு காட்டியது 127 கிலோ. மார்சியானோவைவிட ஒன்றரை மடங்கு.

இதைப் பார்த்தவுடன் "மனுஷ இனமே வளர்ந்துபோச்சு" என்று சொல்லத் தோன்றும். அது பாதிகூட உண்மையில்லை. 1896 முதல் 1996 வரை பிறந்தவர்களின் உயரத்தை 200 நாடுகளில் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. தென்கொரியப் பெண்கள் ஒரு நூற்றாண்டில் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறார்கள். ஈரானிய ஆண்கள் 16 சென்டிமீட்டருக்கு மேல். இந்திய ஆண்கள் உயர்ந்தது அதில் கால்வாசிகூட இல்லை. பெரும்பாலான ஹெவிவெயிட் சாம்பியன்களைப் பெற்ற அமெரிக்காவில் உயர்வு சில சென்டிமீட்டர்தான். அதுவும் பிறகு தேங்கிவிட்டது. சராசரி மனிதன் ஒரு கைவிரல் நீளம் வளர்ந்த காலத்தில் சாம்பியன் மட்டும் நாற்பது கிலோ கூடியிருக்கிறார் என்றால் காரணம் மரபணுவில் இல்லை, ஆள் தேர்வில் இருக்கிறது.

ஆள் தேர்வு மாறியதற்கு வரலாறு உண்டு. சோவியத் அணி நாடுகளின் வீரர்கள் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வர முடியாமல் இருந்தார்கள். அந்தக் கதவு 1990-ஐ ஒட்டித் திறந்தது. கிளிட்ஷ்கோ சகோதரர்கள், ஏழு அடி நிக்கலாய் வலுயெவ், ஒலெக்சாண்டர் உசிக் எல்லாரும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். இரண்டாவது காரணம் பயிற்சி. பழைய பயிற்சியாளர்கள் பளு தூக்குவதைக் கிட்டவே சேர்க்கவில்லை. தசை இறுகினால் கை வேகம் போய்விடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை 1980-களுக்குப் பிறகு உடைந்தது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய ஹெவிவெயிட்டுகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மூன்றாவது காரணம் எடைப்பிரிவு. ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பு கிடையாது. கீழ்வரம்போ ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 1980-ஐ ஒட்டி குரூசர்வெயிட் என்று தனிப்பிரிவு வந்தது. இன்று அதன் வரம்பு 200 பவுண்டு, கிட்டத்தட்ட 91 கிலோ. அதாவது இன்றைய விதிப்படி மார்சியானோ ஹெவிவெயிட்டே இல்லை. ஜோ லூயிஸ்கூடப் பல சண்டைகளில் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத்தான் நின்றிருப்பார்.

நம் நாட்டுக் கணக்கும் இதேதான். 1966, 1970 என்று பாங்காக்கில் அடுத்தடுத்து நடந்த இரண்டு ஆசிய விளையாட்டிலும் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிய ஹவா சிங் காலத்தில், 81 கிலோவுக்கு மேல் இருந்தால் எல்லாரும் ஒரே பிரிவு. 1984 ஒலிம்பிக்கில்தான் 91 கிலோவுக்கு மேல் சூப்பர் ஹெவிவெயிட் வந்தது. அந்தப் பிரிவில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் சதீஷ்குமார். டோக்கியோ காலிறுதியில் அவர் எதிரே நின்றவர் உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலவ், ஆறடி ஏழு அங்குலம். முகத்தில் தையல் பிரிக்காமல் சதீஷ் மூன்று ரவுண்டும் நின்று ஆடினார், தோற்றார். அன்று அந்த உயரத்தைத் தாண்டி உள்ளே போவது எத்தனை கஷ்டம் என்று தொலைக்காட்சியில் பார்த்த எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

இனி அடிக்கு வருவோம். 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹெவிவெயிட் வீரர் ஃப்ராங்க் புருனோவை ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவுக் கருவியைக் குத்த வைத்தார்கள். கை கிளம்பி இலக்கைத் தொட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். தொடும்போது வேகம் நொடிக்கு 8.9 மீட்டர், மணிக்கு 32 கிலோமீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன். 400 கிலோவுக்கு மேற்பட்ட எடை ஒரு கணம் ஏறி அழுத்தியதற்குச் சமம். தொட்டதிலிருந்து உச்சத்துக்குப் போக 14 மில்லிநொடி.

இருபது வருஷம் கழித்து வந்த இன்னோர் ஆய்வுதான் நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. ஃப்ளைவெயிட் முதல் சூப்பர் ஹெவிவெயிட் வரை ஏழு ஒலிம்பிக் வீரர்களின் குத்தை அளந்தார்கள். கை வேகம் சராசரியாக நொடிக்கு 9 மீட்டர். எடை கூடக் கூடக் குத்தின் விசையும் கூடியது. ஆனால் பெரிய ஆள் வேகமாகக் குத்தியதால் அப்படி ஆகவில்லை. குத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்த நிறை கூடியதால் ஆனது. இதைப் பயனுறு நிறை என்கிறார்கள். முட்டி மோதும் நேரத்தில் உடம்பு முழுவதும் எதிராளி மேல் விழுவதில்லை. முட்டி, முன்கை, அதோடு இறுகி நிற்கும் தோள், திரும்பும் இடுப்பு இவற்றிலிருந்து ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. அந்த ஆய்வில் அது சராசரியாக 2.9 கிலோ.

இதில் இரண்டு சேதி இருக்கிறது. ஒன்று: பெரிய உடம்புக்கு ஆதாயம் உண்மை, அதை மறுப்பவர் நியூட்டனை மறுக்கிறார். இரண்டு: உடம்பில் இருக்கும் கிலோ எல்லாம் முட்டிக்கு வருவதில்லை. கணுக்காலில் தொடங்கி இடுப்பு வழியாகத் தோளுக்கு வரும் சுழற்சி சரியாகக் கோக்காவிட்டால் 120 கிலோ ஆளின் குத்தும் வெறும் கைக்குத்துதான். மார்சியானோவின் வலக்கை எப்படி அத்தனை பேரைச் சாய்த்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அவருடைய தொடையும் இடுப்பும்தான் குத்தின.

உயரத்தின் இன்னொரு லாபம் ரீச். மார்சியானோவின் கைவிரிப்பு 68 அங்குலம், ஃப்யூரியுடையது 85. ஏறக்குறைய ஒரு முழம் வித்தியாசம். ஃப்யூரி நேராக நீட்டும் ஜாப் குத்து மூக்கைத் தொடும் தூரத்தில் மார்சியானோவின் முட்டி காற்றைத்தான் தொடும். உள்ளே நுழைய வேண்டும். நுழையும் ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டே நுழைய வேண்டும். கண்ணில் பட்டதற்குக் கை பதில் சொல்ல மனிதனுக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். புருனோவின் குத்து அதில் பாதி நேரத்தில் வந்து விழுந்தது. ஆகவே குத்தைப் பார்த்து யாரும் விலகுவதில்லை. தோள் அசைவதையும் இடுப்பு திரும்புவதையும் கால் மாற்றி வைப்பதையும் பார்த்து, வரப்போகும் குத்தை முன்கூட்டியே கணித்து விலகுகிறார்கள். 'சார்பட்டா பரம்பரை' படத்து டான்சிங் ரோஸைத் தமிழ்நாடே கொண்டாடியது அந்தக் கால் வித்தைக்காகத்தான். இந்தக் கணிப்புக்குக் கிலோ கணக்கு கிடையாது. குள்ளனுக்கும் நெட்டையனுக்கும் ஒரே நரம்பு மண்டலம்தான்.

உடம்பு பெரிதாவதற்கு இயற்கை வசூலிக்கும் விலையையும் பார்க்க வேண்டும். 1638-இல் கலிலியோ எழுதிவைத்த கணக்கு இது. ஓர் ஆளை எல்லாப் பக்கமும் பத்து சதவீதம் பெரிதாக்குங்கள். ஆறடி ஆள் ஆறடி ஏழு அங்குலம் ஆவார். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது 21 சதவீதம் கூடும். எடையோ கன அளவைப் பொறுத்தது. அது 33 சதவீதம் கூடும். 90 கிலோ ஆள் 120 கிலோ ஆவார். பலம் 21, சுமை 33. மொத்தப் பலத்தில் அவர்தான் மேல். ஆனால் தன் உடம்பையே நகர்த்தவும் நிறுத்தவும் திருப்பவும் கிலோவுக்குக் கிடைக்கும் பலம் ஒன்பது சதவீதம் குறைந்துவிட்டது. மாமா கேட்ட "காலு நகர வேணாமா" என்ற கேள்வியின் கணித வடிவம் இதுதான்.

பளு தூக்கும் மேடையில் இது பளிச்சென்று தெரியும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் நயிம் சுலைமானொக்லு 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றினார். உடல் எடையில் மூன்று மடங்குக்கும் மேல். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் தூக்கிய 179 கிலோ, 2.3 மடங்கு. 2021-இல் ஜார்ஜியாவின் லாஷா தலாகாட்ஸே தூக்கிய 267 கிலோ உலக சாதனை. ஆனால் அவர் உடம்பே 180 கிலோவை நெருங்கும், ஒன்றரை மடங்குதான்.

சூடு இன்னொரு விலை. உடம்பில் சூடு தசையின் அளவுக்கு உண்டாகிறது, தோலின் பரப்பு வழியாக வெளியேறுகிறது. மேலே சொன்ன 33-க்கும் 21-க்கும் உள்ள அதே இடைவெளி இங்கேயும் வருகிறது. குளிரூட்டிய அரங்கில் இது பெரிதாகத் தெரியாது. 1975 அக்டோபர் முதல் தேதி மணிலாவின் புழுக்கத்தில் அலியும் ஃப்ரேசியரும் 14 ரவுண்டு மோதியபோது இருவருமே சாவைத் தொட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தார்கள். சித்திரை வெயிலில் மதுரையில் திறந்தவெளி மேடை போட்டால் 127 கிலோ ஆளுக்கு ஆறாவது ரவுண்டுக்கு மேல் கை மேலே நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்தக் காலத்தில் பட்டத்துக்கான சண்டை 15 ரவுண்டு. 1982-இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ மேடையில் வாங்கிய அடியால் இறந்த பிறகு 12 ஆகக் குறைந்தது. உயிர் காக்கச் செய்த சரியான மாற்றம் அது. கூடவே, கடைசி மூன்று ரவுண்டில் மூச்சு வாங்க வேண்டிய பெரிய உடம்புகளுக்கு அது சாதகமாகவும் அமைந்துவிட்டது.

கணக்கு இருக்கட்டும், மேடை என்ன சொல்கிறது? 1919 ஜூலை 4, டொலீடோ. 85 கிலோ ஜாக் டெம்ப்ஸி, 111 கிலோ ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை கீழே விழ வைத்தார். 1934-இல் 95 கிலோ மேக்ஸ் பேர், 119 கிலோ ப்ரீமோ கார்னேராவைப் பதினொரு ரவுண்டில் பதினொரு தடவை சாய்த்தார். 2009-இல் டேவிட் ஹே தன்னைவிட 44 கிலோ கனமான வலுயெவிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். சின்ன ஆள் கட்சிக்காரர்கள் இந்த வரிசையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நானும் அந்தப் பக்கம் சாய்ந்தவன்தான். ஆனாலும் இதைச் சாட்சியாக அப்படியே ஏற்க முடியாது. வில்லார்டுக்கு அன்று 37 வயது. மூன்று வருஷமாகப் பட்டத்துக்காக மேடையே ஏறவில்லை. கார்னேராவுக்கு உடம்பு இருந்த அளவுக்குத் தொழில் இல்லை. ஆச்சரியமான முடிவுகள்தான் நினைவில் தங்கும். பெரிய ஆள் சாதாரணமாக ஜெயித்த நூறு சண்டையை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

1941 ஜூனில் நியூயார்க்கில் நடந்த ஒரு சண்டை இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட நேர்மையான சாட்சி. 80 கிலோகூட இல்லாத பில்லி கான், 90 கிலோ ஜோ லூயிஸை 12 ரவுண்டு ஆட்டிப் படைத்தார். இரண்டு நடுவர்களின் கணக்கில் அவர் முன்னணியில் இருந்தார். 13-ஆவது ரவுண்டில் நின்று அடிக்கலாம் என்று ஆசைப்பட்டார். அந்த ரவுண்டு முடிய இரண்டு நொடி இருக்கும்போது நாக்-அவுட். இன்றைய 12 ரவுண்டு விதி அன்று இருந்திருந்தால் கான் உலக சாம்பியன். சின்ன ஆளுக்குச் சண்டை முழுக்கப் பிசகக் கூடாது. பெரிய ஆளுக்கு ஒரு நொடி வாய்த்தால் போதும்.

கணினியிடம் கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 1960-களின் கடைசியில் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் மரே வொரோனர், பழைய புதிய சாம்பியன்களின் விவரங்களைக் கணினியில் ஊட்டிப் போட்டி நடத்தினார். அதில் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாகச் சொல்லப்பட்ட அலி வழக்கே போட்டார். பிறகு 1969-இல் அலியையும் ஓய்வு பெற்ற மார்சியானோவையும் ஒரு கூடத்துக்கு வரவழைத்து, பல முடிவுகளைப் படமெடுத்தார்கள். படம் 1970 ஜனவரியில் திரைக்கு வந்தது. அதைப் பார்க்க மார்சியானோ இல்லை, முந்தைய ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துபோனார். அமெரிக்காவில் காட்டிய படத்தில் 13-ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக்-அவுட்டில் ஜெயித்தார். பிரிட்டனில் காட்டியதில் அலி ஜெயித்தார். பழைய எதிராளிகளோடு ஆடிய விவரத்தை மட்டும் வைத்து, ஆடாத சண்டையைக் கணிக்க முயன்றால் இதுதான் நடக்கும்.

ஆனால் 2024 நமக்கு ஒரு நிஜச் சோதனையைக் கொடுத்தது. ஒலெக்சாண்டர் உசிக் 2018-இல் குரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களையும் ஒன்றுசேர்த்துவிட்டு ஹெவிவெயிட்டுக்கு ஏறியவர். உயரம் ஆறடி மூன்று அங்குலம். மே மாதம் ஃப்யூரியைச் சந்தித்தபோது எடை 101 கிலோ; ஃப்யூரி 119. உசிக் ஜெயித்தார். டிசம்பரில் ஃப்யூரி எட்டுக் கிலோ கூட்டிக்கொண்டு வந்தார். உசிக் மறுபடி ஜெயித்தார், மூன்று நடுவர்களும் ஒரே கணக்கு: 116–112. அதற்கு முன்பே ஆறரை அடி ஆந்தனி ஜோஷுவாவை இரண்டு தடவை தோற்கடித்திருந்தார். ஆறடி மூன்று அங்குலம், 100 கிலோவை ஒட்டிய எடை, ஓயாத கால், தூரத்தைக் கணிக்கும் கண். 1974-இல் கின்ஷாசா மேடையில் நின்ற அலியின் அளவும் அதேதான்.

தீர்ப்புக்கு முன்னால் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. கை கனத்தது, தோள் கனத்தது. மூளை மட்டும் அன்றும் இன்றும் சுமார் 1.4 கிலோதான். புருனோவின் குத்து ஒரு தலையில் விழுந்தால் அது புவியீர்ப்பைப்போல் 53 மடங்கு முடுக்கத்தில் தள்ளப்படும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கழுத்துத் தசை ஓரளவு தாங்கும். மண்டைக்குள் மிதக்கும் மூளைக்குத் தசை கிடையாது. தொடர்ந்து அடிவாங்கிய குத்துச்சண்டைக்காரர்களின் மூளை பாதிப்பைப் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார். அலிக்கு 1984-இல் பார்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. 2016-இல் இறக்கும்வரை அதோடுதான் வாழ்ந்தார். உங்கள் வீட்டுப் பிள்ளை பாக்ஸிங் கற்கப் போகிறான் என்றால், தன் எடைக்கு மீறிய ஆளோடு பயிற்சிச் சண்டை போட விடாதீர்கள். தலையில் அடி வாங்கி வந்த வாரத்தில் மறுபடி மேடை ஏற்றாதீர்கள்.

இப்போது தீர்ப்பு. மார்சியானோவை அதே 84 கிலோவோடு ஃப்யூரி முன்னால் நிறுத்துவது நியாயமில்லை; நிறுத்தினால் ஃப்யூரி ஜெயிப்பார். மார்சியானோவின் இடம் இன்று குரூசர்வெயிட், அங்கே அவரை அடிக்க ஆள் தேட வேண்டியிருக்கும். ஜோ லூயிஸ் இன்றைய பயிற்சியில் ஐந்தாறு கிலோ ஏற்றிக்கொண்டால் போதும். அலிக்கு அதுகூடத் தேவையில்லை. 1974-இல் இருந்த எடையோடு, இருந்த காலோடு அவர் இன்று மேடை ஏறலாம். 100 கிலோவுக்குக் கீழே ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வருகிறது. அதற்கு மேல் கூட்டும் கிலோவுக்குக் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகிறது.